வளவில் மாட்ட ஐயா படம்: பிக்மென்ட் பிரிண்ட் போடும் முறை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வளவுச் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) சுவரை நிமிர்ந்து பார்த்தால் ஐயா (தாத்தா), அப்பத்தா படங்கள் வரிசையாகத் தொங்கும். பாதி மங்கிப் போயிருக்கும். அவற்றைப் பிக்மென்ட் மையில் (நுண்ணிய நிறத் துகள் கலந்த மை) புதிதாக அச்சிட நினைக்கிறவர்களுக்கு இது.

முதலில் ஸ்கேன். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 4x6 அங்குலப் படத்தை 12x18 ஆக்க, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 3600x5400 பிக்சல் வேண்டும். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), நிறச் சாயல்களை நுணுக்கமாகக் காக்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக எடுத்தால் தாராளம். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே எடுங்கள். கறையை நீக்க உதவும்.

அடுத்து பேப்பர். முழுப் பருத்தி, அமிலமில்லாதது, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அளவில், பளபளப்பில்லாத மேட். பளீரென்ற வெண்மைக்காகப் பிரைட்னர் சேர்த்த தாள் நாளடைவில் மஞ்சளிக்கும். பருத்தித் தாளின் லேசான பால்நிறம் நம் சுண்ணாம்புச் சுவருக்கு அத்தனை பொருத்தம். மை பிக்மென்ட்டாகவே இருக்கட்டும். நிறம் கரைந்திருக்கும் டை மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

இனிதான் கவனம் வேண்டும். தாள் கம்பெனியின் தளத்தில் உங்கள் பிரிண்டருக்கும் அந்தத் தாளுக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலை (நிறம் சரியாக விழ உதவும் கோப்பு) இறக்கி, மென்பொருளில் அதையே தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் டிரைவரின் கலர் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் வேலை செய்தால் நிறம் கெடும். மீடியா வகையை மேட் என்று வைத்தால்தான் மேட் பிளாக் மை இறங்கும். என் முதல் பிரிண்டில் இதை மாற்ற மறந்து, அப்பத்தாவின் கூந்தல் சாம்பல் நிறத்தில் வந்தது. நல்ல தாள் ஒன்று வீண்.

நாசில் செக் (மைத் துளை அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனை அச்சு) போட்டபின், முழுப் படத்துக்கு முன்னால் முகம் மட்டும் வரும்படி ஒரு துண்டு அடியுங்கள். மறுநாள் காய்ந்ததும் முற்றத்து வெளிச்சத்தில் ஒருமுறை, ராத்திரி பல்பு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இருட்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் மானிட்டர் வெளிச்சம்தான் அதிகம். அதைக் குறைத்துத் திருத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் சுருளும், பிரிண்டர் தலை அதில் உரசும். தாளை உறையிலேயே மூடி வையுங்கள். அடிக்கும் முன் மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள்.

கேன்வாஸ்? ஆத்தங்குடிக் கல் தளம், பர்மா தேக்குத் தூண் மாதிரி கலர்ப் படங்களுக்கு எடுப்பாக இருக்கும். பழைய முகங்களுக்கு வேண்டாம், துணியின் நெசவு படத்தில் உள்ளவரின் கண்ணை மறைக்கும். சட்டத்தில் மடிக்க நாலு பக்கமும் 2 அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, 24 மணி நேரம் காயவைத்து, வார்னிஷ் பூசியபின் இழுத்துக் கட்டுங்கள்.

ஃபிரேமில் கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு அட்டை வையுங்கள். பசை டேப் வேண்டாம். முற்றத்து வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.