'தெரியும்' என்று டிக் அடித்தால் தெரிந்ததாகிவிடாது: பல் மருத்துவ மாணவர்களின் சான்றுசார் அறிவை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான்றுசார் பல் மருத்துவம், அதாவது ஆய்வுச் சான்றுகளைத் தேடி மதிப்பிட்டுச் சிகிச்சையை முடிவு செய்யும் முறை பற்றி மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆய்வு செய்யாத பல் மருத்துவக் கல்லூரியே இருக்காது போலிருக்கிறது. அந்த வினாத்தாள்கள் பலவும் 'ஒரு பார்வை பாருங்கள் சார்' என்ற குறிப்போடு என்னிடம் வருகின்றன. முகம் புதிது, தவறு பழையது. இவற்றில் பாதியை ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன் என்பதால் சட்டென்று கண்ணில் படுகின்றன. எழுத்துப்பிழை, மாதிரி அளவு, நெறிமுறைக் குழு அனுமதி பற்றியெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மாணவரையே மதிப்பெண் போடச் சொல்வது

இன்னும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூவை (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளை முறைப்படி திரட்டி அலசும் கட்டுரையை) மதிப்பிட எனக்குத் தெரியும்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை…' என்று ஐந்து கட்டங்கள். மாணவர் டிக் அடிப்பார். கூட்டிப் பார்த்துச் சராசரி எடுத்து, 'மாணவர்களின் அறிவு நல்ல நிலையில் உள்ளது' என்று முடிவுரை எழுதிவிடுவார்கள். உண்மையில் அங்கே அளக்கப்பட்டது தன்னம்பிக்கை. அறிவைப் பற்றி அந்தத் தாளில் ஒரு கேள்விகூட இல்லை.

அப்படி ஒரு தாளில் எல்லாவற்றுக்கும் 'முற்றிலும்' போட்டிருந்த ஒரு மாணவரிடம், பின்னர் வாய்மொழித் தேர்வில் ஒரு ஃபாரஸ்ட் பிளாட்டை, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒரே படத்தில் காட்டும் வரைபடத்தை நீட்டினேன். கீழே மொத்த முடிவைக் காட்டும் வைரக்குறி, 'வித்தியாசம் இல்லை' என்னும் செங்குத்துக் கோட்டின் மேல் இருபுறமும் பரவிக் கிடந்தது; அப்படியென்றால் சிகிச்சை பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 'வைரம் சிகிச்சைப் பக்கம் சாய்ந்திருக்கிறது சார், அதனால் சிகிச்சை பலன் தருகிறது' என்றார். குரலில் துளித் தயக்கமும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரியும் என்றே நம்பினார். இந்த வகைத் தாளால் பிடிக்க முடியாத ஆள் அவர்தான்.

இது மாணவர்களிடம் மட்டும் உள்ள குறையும் அல்ல. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியப் பொதுமருத்துவர்கள் 50 பேரிடம் சான்றுசார் மருத்துவச் சொற்களைக் கொடுத்து, எவ்வளவு புரியும் என்று முதலில் எழுதி வாங்கினார்கள். பிறகு நேரில் விளக்கச் சொன்னார்கள். புரியும் என்று எழுதியவர்களில் பெரும்பாலோரின் விளக்கம் தேறவில்லை. 2006இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு இன்னும் விரிவானது. மருத்துவர்கள் தம்மைத்தாமே மதிப்பிட்டதையும் வெளியிலிருந்து மதிப்பிட்டதையும் வைத்துப் பார்த்த 20 ஒப்பீடுகளில், 13இல் இரண்டுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். திறமை மிகக் குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களும்தான் தங்களைப் பற்றி அதிகம் தவறாகக் கணித்திருந்தார்கள்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், பாடம் நடத்திய பிறகு. ஒரு துறையில் சான்றுசார் பயிற்சி ஒன்றை நடத்தி, முன்னும் பின்னும் இதே தன்மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்தார்கள். பின் மதிப்பெண் குறைந்துவிட்டது. 'பயிற்சி பயனில்லை' என்று அறிக்கை தயாராகி, அடுத்த ஆண்டு அந்த வகுப்பு நேரத்தையே பறித்துவிட்டார்கள். நடந்தது என்ன? பயிற்சிக்கு முன், ஒரு கட்டுரையின் சுருக்கத்தைப் படித்து முடிவுரையை நம்புவதையே மாணவர்கள் 'மதிப்பிடுதல்' என்று நினைத்திருந்தார்கள். பயிற்சியில் ரேண்டமைசேஷன் மறைப்பு (யாருக்கு எந்தச் சிகிச்சை என்ற குலுக்கல் முடிவை முன்கூட்டித் தெரியாமல் வைப்பது), இடைவிலகல் (ஆய்வின் நடுவே ஆட்கள் விலகுவது), நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) என்று வரிசையாக வந்ததும், தமக்குத் தெரியாதது எவ்வளவு என்று தெரிந்துகொண்டார்கள். அளவுகோல் அவர்கள் மண்டைக்குள்ளேயே மாறிவிட்டது. 'பதில் நகர்வுச் சார்பு' என்று 1979 முதலே பேசப்படும் விஷயம் இது. கற்றுக்கொண்டதற்கான அடையாளத்தையே தோல்வி என்று எழுதிவைத்தார்கள். நல்ல வகுப்பு ஒன்று போனதுதான் மிச்சம்.

தன்னம்பிக்கையை அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாக அளந்து, தன்னம்பிக்கை என்றே பெயரிடுங்கள். பக்கத்திலேயே விடை சரி, தவறு என்று திருத்தக்கூடிய கேள்விகளை வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் சுவையான முடிவு. உதாரணமாக இப்படிக் கேட்கலாம்: 'ஒரு வாய் கொப்பளிப்பானைப் பயன்படுத்திய 100 பேரில் 10 பேருக்கும், பயன்படுத்தாத 100 பேரில் 20 பேருக்கும் புதிய சொத்தை வந்தது. இன்னோர் ஆய்வில் அந்த எண்ணிக்கைகள் 1, 2. இரண்டு ஆய்வுகளும் "சொத்தை 50% குறைந்தது" என்கின்றன. ஒருவருக்குச் சொத்தை வராமல் தடுக்க எத்தனை பேர் அதைப் பயன்படுத்த வேண்டும்?' முதலாவதில் நூற்றுக்கு 10 பேர் தப்புவதால் 10 பேர், இரண்டாவதில் ஒருவரே தப்புவதால் 100 பேர். ஒன்றரை நிமிடக் கணக்கு இது. ஐந்து கட்ட டிக் எத்தனை இருந்தாலும் இந்த ஒரு கேள்வி சொல்வதைச் சொல்லாது.

இன்னொரு சின்ன தந்திரம் உண்டு. 'இந்தச் சொற்கள் தெரியுமா' என்று கேட்கும் பட்டியலில், உலகத்திலேயே இல்லாத ஒரு சொல்லை நுழைத்துவிடுங்கள். 'சுழல் ஒப்பீட்டு விகிதம்' என்று நானே ஒன்றைப் புனைந்து, ஆட்ஸ் ரேஷியோ, பி மதிப்பு என்னும் உண்மையான புள்ளியியல் சொற்களுக்கு நடுவில் வைத்தேன். 'நன்றாகத் தெரியும்' என்று அதற்கும் ஆட்கள் கிடைத்தார்கள். அந்தத் தாள்களின் மற்ற டிக்குகளை எவ்வளவு நம்பலாம் என்பதை அதற்குப் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

வரையறை கேட்டு முடித்துக்கொள்வது

'பைகோ என்றால் என்ன?' நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று நான்கையும் ஒப்பித்துவிடுவார்கள். 'குழந்தையின் பல் பிளவுகளில் சீலன்ட் (பிளவை மூடும் பூச்சு) வைக்கலாமா, ஃபுளோரைடு வார்னிஷ் போதுமா என்று ஒரு தாய் கேட்கிறார். இதைத் தேடக்கூடிய கேள்வியாக எழுது' என்று சொல்லிப் பாருங்கள். ஒப்பீடு என்ற பகுதியே காணாமல் போயிருக்கும்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடில் தெரிந்திருத்தல், எப்படி என்று தெரிந்திருத்தல், செய்து காட்டுதல், நடைமுறையில் செய்தல் என்று நான்கு படிகள். நம் வினாத்தாள்களில் பெரும்பாலானவை அடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. சான்றுசார் நடைமுறைக்கும் ஐந்து படிகள் உண்டு: கேள்வி எழுப்புவது, தேடுவது, மதிப்பிடுவது, நோயாளிக்குப் பொருத்துவது, தன் செயலைத் திரும்பிப் பார்ப்பது. கேள்விகள் எல்லாம் மூன்றாவது படியில் குவிந்துவிடும். நான்காவதை யாரும் தொடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் விருப்பம் அங்கேதான் வருகிறது.

அடுத்த துறையின் தாளை அப்படியே எடுத்துக்கொள்வது

2002இல் வந்த பெர்லின் வினாத்தாளும் 2003இல் வந்த ஃபிரெஸ்னோ தேர்வும் நல்ல கருவிகள். ஆனால் மருத்துவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அந்த நோயாளிக் கதைகளில் பல் மருத்துவ மாணவர் தடுமாறினால், அவருக்குத் தெரியாதது சான்றா, அந்த நோயா என்று பிரிக்க முடியாது. பல் மருத்துவக் கல்விக்கென்றே 2011இல் வெளியான கேஸ் (KACE) வினாத்தாள் இருக்கிறது. அறிவு, மனப்பாங்கு, சான்றை அணுகும் பழக்கம், தன்னம்பிக்கை என்று நான்கையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அந்த நான்கையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கி அனுப்பியவர்களையும் பார்த்துவிட்டேன். மேலே அத்தனை வரி எழுதியதே இதற்காகத்தான்.

ஆம் / இல்லை கேள்விகள்

பூவா தலையா போட்டாலே பாதி மதிப்பெண் வரும். 'தெரியாது' என்றும் ஒரு கட்டம் வையுங்கள்.

கிரான்பாக் ஆல்பா 0.8 வந்துவிட்டதாம்

தாளின் நம்பகத்தன்மைக்கு எல்லாரும் காட்டும் எண் இது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. ஒரே கேள்வியைச் சொல் மாற்றி எட்டு முறை கேட்டாலும் ஆல்பா பிரமாதமாக வரும். இந்தத் தாளில் முதலாண்டு மாணவரையும், பல ஆண்டுகள் இதைக் கற்பித்த ஆசிரியரையும் பிரித்துக் காட்ட முடிகிறதா? அதைச் சோதித்துவிட்டு வாருங்கள், செல்லுபடி (அளக்க நினைத்ததையே அளக்கிறதா என்பது) பற்றிப் பிறகு பேசலாம்.

முன் தேர்வுக்கும் பின் தேர்வுக்கும் ஒரே தாள்

விடையை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பெயரும் இல்லை, குறியீடும் இல்லை

முன் தாளையும் பின் தாளையும் எதைக் கொண்டு இணைப்பீர்கள்?

விடைத்தாள் பழசாகிப் போவது

இதயத்தின் உள்ளுறை அழற்சியைத் தடுக்கப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தர வேண்டுமா என்பது எல்லாருக்கும் பிடித்த கேள்வி. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம், மிக உயர்ந்த ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்றது. மறு ஆண்டு, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, பல் சிகிச்சைக்காகத் தர வேண்டியதில்லை என்றது. 2016இல் அந்த வரியில் 'வழக்கமாக' என்ற சொல்லைச் சேர்த்தது. மாணவர் எதைப் படித்தார் என்பதைப் பொறுத்து, சரியான விடையே தவறாகிவிடும். ஒரு தாளில் 'ஆம்' என்பதற்கு மதிப்பெண் கொடுத்து, அது எந்த வழிகாட்டுதல், எந்த ஆண்டு என்று எங்கேயும் குறிப்பிடாமல் விட்டிருந்தார்கள்.

இதைக் கேட்கவே வேண்டுமென்றால் இரண்டு வழிகாட்டுதல்களின் சுருக்கத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். செயற்கை வால்வு பொருத்திய ஒருவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, அவரிடமும் அவருடைய இதய மருத்துவரிடமும் என்ன பேசுவாய் என்று எழுதச் சொல்லுங்கள். திருத்த நேரம் பிடிக்கும். மதிப்பெண் எதற்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்து, ஒரே பத்துத் தாள்களை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.