வேலை தேடும் நாட்களில் ஜெபம்: நான் செய்தது

7 மாதம் வேலை இல்லாமல் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். விடிந்ததும் போனில் வேலைச் செய்தி தேடாதீர்கள். முதலில் பைபிளில் சங்கீதம் 13 வாசியுங்கள். மொத்தம் 6 வசனம், பெரும்பாலும் புலம்பல்தான். நானும் ஆண்டவரிடம் அப்படியே சண்டை போட்டேன். அப்புறம் 2 விண்ணப்பம், போதும்.

நிராகரிப்பு மெயில் வந்த அன்று பைபிளில் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம் எடுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை. சரி, நீங்களும் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் "இன்னும் கிடைக்கலையா?" என்பார்கள். நான் பக்கவாசல் வழியாக நழுவியிருக்கிறேன். ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். எனக்கு அது பாடகர் குழுவில் பக்கத்தில் நின்ற அக்கா. என் ரெஸ்யூமேயில் பழைய போன் நம்பர் இருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்!