தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டதா? இறைத்துக் கொட்டாதீர்கள்

அல்லித் தொட்டியில் தண்ணீர் பச்சையானதும் பலரும் செய்வது, எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, சுவரைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடிப்பதுதான். பாசியை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களும் அதோடு போய்விடுவதால் கொஞ்ச நாளில் மறுபடி பச்சை. பாசிக்கு வேண்டியது இரண்டே இரண்டு, வெயிலும் சத்தும். அந்த இரண்டையும் குறைக்க வழி பாருங்கள்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீரே பச்சையாக இருந்தால் அது மிதக்கும் நுண்பாசி, கையால் எடுக்க முடியாது, நிழல்தான் மருந்து. அல்லி, தாமரை இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியிருக்கட்டும். மீனுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் தீனி, மிஞ்சுவதெல்லாம் பாசிக்குத்தான் உரம். விழுந்த இலைகளை அன்றன்றே அள்ளிவிடுங்கள். அப்புறம், தாமரைச் சட்டியில் சாண உரம் போட்டால் நன்றாக மக்கியதாகப் பார்த்து அடியில் போட்டு, மேலே களிமண்ணால் கெட்டியாக மூடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, என் தொட்டி ஒரு மாதம் பச்சைச் சாயம் கரைத்தது போலவே கிடந்தது.

நூல் பாசி என்றால் வேலை சுலபம். சொரசொரப்பான குச்சியை உள்ளே விட்டுத் திருகினால் நூற்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு வரும். அதை உடனே தூக்கி எறியாமல் தொட்டி விளிம்பிலேயே ஒரு மணி நேரம் வையுங்கள், உள்ளே சிக்கிய குட்டி நத்தைகளில் சில தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், அது மீனையும் நத்தையையும் கொல்லும். போதாததற்கு, செத்த பாசி மொத்தமாக அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி, உடனே காற்று மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் மாற்றியே ஆகவேண்டும் என்றால் கால் பங்கு போதும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பாசியைக் குறைக்க ஆகாயத்தாமரையை மிதக்கவிடவும் சொல்வார்கள். அது தண்ணீரில் உள்ள சத்தை நன்றாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் நம் வெயிலுக்கு இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும், அதனால் வாராவாரம் பாதியைப் பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து மக்கு உரக்குழியில் போடுங்கள். தயவுசெய்து ஏரியிலோ வாய்க்காலிலோ மட்டும் வீசாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி அது, இன்று நம் ஏரிகளை மூடிக் கிடக்கிறது.