எலி ஆய்வு வாட்சப்பில் வந்தால் எப்படிப் படிப்பது?

கோலாலம்பூரில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் உயர் அழுத்த மின்கம்பி போகிறது. அதனால் "மின்கம்பிக் காந்தப்புலத்தால் எலிக்குப் புற்றுநோய், ஆய்வில் நிரூபணம்" என்று யாராவது வாட்சப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை அதைக் காட்டி வீட்டை விற்றுவிடலாமா என்றே கேட்டுவிட்டார். விற்பதற்கு முன் அந்த ஆய்வைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள்.

முதலில் அளவு. காந்தப்புலத்தை அளக்கும் அலகு எது, மைக்ரோடெஸ்லாவா மில்லிகாஸா? 1 மைக்ரோடெஸ்லா என்பது 10 மில்லிகாஸ், இதில் குழம்பினால் கணக்கே பத்து மடங்கு தப்பும். சாதாரண வீட்டில் 0.1 மைக்ரோடெஸ்லாவை ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 1999இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளையும் சுண்டெலிகளையும் 2, 200, 1000 மைக்ரோடெஸ்லாவில் தினமும் பதினெட்டரை மணி நேரம், இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். ரத்தப் புற்று கூடவில்லை. ஆண் எலிகளின் தைராய்டில் மட்டும் கட்டிகள் கூடுதலாகத் தெரிந்தன, அதுவும் 2, 200 பிரிவுகளை வைத்துத்தான் சொன்னார்கள், 1000ஐ வைத்து அல்ல. புலம்தான் காரணம் என்றால் அதிகம் வாங்கிய எலிக்குத்தானே அதிகம் வர வேண்டும்? அவர்களே அதை உறுதியில்லாத சான்று என்றுதான் எழுதினார்கள். வாட்சப்புக்கு தைராய்டு போதும்.

அப்புறம் ஒப்பீட்டுக் கூண்டு, அதாவது புலம் இல்லாமல் வைக்கும் எலிகளின் கூண்டு. புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருளில் கரண்ட் ஓடினால் சூடாகும், அதிரும், இரையும்; எலி தூங்காமல் போனாலும் உடம்பு கெடும். அதனால் நல்ல ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுக் கூண்டின் சுருளை இரட்டையாகச் சுற்றி எதிரெதிராகக் கரண்ட் விடுவார்கள், சூடு அதே சூடு, புலம் மட்டும் இருக்காது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஆய்வை நான் மூடி வைத்துவிடுவேன்.

வேறு ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்தார்களா என்றும் தேடுங்கள். 1990களில் ஜெர்மனியின் ஹனோவரில், புற்றை உண்டாக்கும் ரசாயனம் முன்பே கொடுக்கப்பட்ட எலிகளுக்கு 100 மைக்ரோடெஸ்லாவில் மார்புக் கட்டிகள் கூடின. அமெரிக்காவில் அதையே செய்து பார்த்தபோது வரவில்லை.

சரி, அப்படியென்றால் பயமே வேண்டாமா? 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புலத்தை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அதற்குக் காரணம் எலிகள் அல்ல, குழந்தைகளின் ரத்தப் புற்று பற்றிய கணக்கெடுப்புகள்: சராசரி 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு, காரணம் புலம்தானா என்பதை ஆய்வுக்கூடங்களால் காட்ட முடியவில்லை.

உங்கள் வீட்டை அளக்க ஆசைப்பட்டால் கைப்பேசிச் செயலியை நம்பாதீர்கள். அது 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டிக் காட்டும், அக்கா அலறியதும் அதைப் பார்த்துத்தான், ஆனால் அது திசைகாட்டியைத் திருப்பும் பூமியின் புலம். மின்கம்பிக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் புலத்தை அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி, எல்லா வீட்டிலும் ஏர்கோன் ஓடும் இரவு நேரத்தில், கட்டிலின் தலைமாட்டில் வைத்துப் பாருங்கள்.