புறாமலையில் கால் ஊன்றாதீர்கள்

போன ஆவணியில், திருகோணமலை நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாமலையின் (Pigeon Island) பெரிய தீவுக்கு முன்னால், கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஒரு பொடியன் செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு நட்ட கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அது ஆள் நிலைக்காத தண்ணீர். ஆனாலும் அவன் இடுப்பளவுக்குத்தான் நனைந்திருந்தான். மிச்சத்தைக் காலடியில் இருந்த முருகைக்கல், அதாவது பவளப்பாறை, தாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் மீன் பார்க்கப் போடும் மாஸ்க்கைக் கழற்றினான், உள்ளே எச்சில் தடவினான், அலசினான், சலூன் கண்ணாடிக்கு முன் நிற்பவன்போல ஆறுதலாக மாட்டிச் சரிபார்த்தான்.

கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே தண்ணீரில் அப்படி நின்றவள் நான்.

கொழும்பில் வேலை, வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு திரும்புதல். என் நிலாவெளிப் பயணங்கள் எல்லாம் இந்த அளவுதான். பெரும்பாலும் தனியாகத்தான். நேரம் இவ்வளவு குறைவு என்றால் ஒரு பிழை முழு விடுமுறையையும் தின்றுவிடும். அப்படியான பிழைகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தொப்பி போடுங்கள், தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள் என்பதை உங்கள் அம்மா சொல்லிவிடுவார். தீவில் கடை இல்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்கழி விடுமுறையில் போவது

போகாதீர்கள். அது வாடைக்காலம். கடலும் கலங்கல், படகும் நிச்சயமில்லை. கிழக்குக் கரைக்கு வைகாசி முதல் புரட்டாதி வரைதான் பருவம்.

போயா நாளில், அதுவும் பத்து மணிக்குப் போவது

போயா என்ற முழுநிலா விடுமுறையோடு சனி ஞாயிறு ஒட்டிவந்தால் நாடே திருகோணமலைக்குக் கிளம்பும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் அந்தத் தீவில் காலாற நடக்கக்கூட அதிக இடம் இல்லை. பத்து மணிக்கு மேல் தண்ணீருக்குள் மீனைவிடக் கால்கள்தான் அதிகம் தெரியும். மணல் கிளம்பி எல்லாம் பால் கலந்த தேநீர் நிறம். முதல் படகில் போங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். படகுக்கூலி படகுக்குத்தான், தலைக்கு அல்ல. முதல் தடவை ரிக்கற் கொடுக்கும் இடத்தில் யாரோடும் பேசக் கூச்சப்பட்டு ஒரு முழுப் படகுக்கும் நானே காசு கொடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற குடும்பத்தில் நாலு பேர்தான். கேட்டிருந்தால் சேர்த்திருப்பார்கள், வழியில் கடலை வடையும் தந்திருப்பார்கள். இப்போது வெட்கமில்லாமல் கேட்கிறேன்.

கல்லில் ஏறி நிற்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

வேண்டுமென்று யாரும் முருகைக்கல்லை மிதிப்பதில்லை. அது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. வாடகை மாஸ்க் முகத்துக்குப் பொருந்தவில்லை. நெற்றி முடி இரண்டு இழை விளிம்புக்குள் மாட்டியிருக்கிறது. அந்த வழியாக உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வருகிறது. மூக்கடியில் தண்ணீர் தேங்கியதும் மனம் பதறுகிறது. கால் தானாகவே நிலம் தேடுகிறது. அகப்படுவது கல்.

இதில் கண்ணும் ஏமாற்றும். மாஸ்க் வழியாகக் கீழே பார்க்கும்போது நாலடி ஆழம் மூன்றடிபோலத்தான் தெரியும். தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி வளைவதால் வரும் வினை அது. காலை நீட்டினால் நிலம் எட்டும் என்று நினைப்பீர்கள். நீட்டுவீர்கள், எட்டாது. பாதிப் பதற்றம் முழுப் பதற்றமாகி, பக்கத்தில் எது உயரமாக இருக்கிறதோ அதில் பாய்ந்து ஏறுவீர்கள். நான் அப்படித்தான் ஏறினேன். மான்கொம்புபோல் கிளைவிட்டிருந்த ஒன்று. காலுக்கடியில் 'நறுக்' என்று அப்பளம் நொறுங்கும் சத்தம். குதிகாலில் ஒரு எரிவு. அவ்வளவுதான், பெரிய வலி இல்லை. படகுக்காரர் எட்டிப் பார்த்து, "கல்லுல கால வைக்காதீங்க தங்கச்சி" என்றார். திட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாரோ, அந்தச் சலிப்பு மட்டும் இருந்தது குரலில்.

திங்கட்கிழமை கந்தோருக்குச் சப்பாத்துப் போட்டுப் போனேன். வியாழக்கிழமை செருப்பும் ஏறவில்லை. டொக்டர் ரெற்றனஸ் ஊசி போட்டு, நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தந்து, "கடல் காயத்தை நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவினீர்களா?" என்று கேட்டார். கழுவவில்லை. உப்புத்தண்ணீர் தானே ஆற்றிவிடும் என்று ஊரில் சொல்வதை நம்பியிருந்தேன். முருகைக்கல் வெட்டினால் அதன் சுண்ணாம்புத் துணுக்கும் வழுவழுப்பும் காயத்துக்குள்ளேயே தங்கிவிடும். மூன்றாம் கிழமைதான் ஒரு வெள்ளைத் துணுக்கு, பல்லி முட்டை ஓட்டின் சில்லுபோல, சீழோடு வெளியே வந்தது. அந்த மாதம் ஏற்கெனவே காசு கட்டியிருந்த இன்னொரு பயணமும் போயிற்று.

என் குதிகால் ஆறிவிட்டது. அந்தக் கிளை? முருகைக்கல், முருகைக்கல் என்று சொல்லியே நாம் அதைக் கல்லாக்கிவிட்டோம். பழைய வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்புச் சூளையிலும் அதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. கடலுக்குள் அதன் மேற்பரப்பு ஒரு மெல்லிய உயிர்த்தோல். நுண்ணிய உயிர்கள் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்து தமக்கடியில் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு போகின்றன. கிளைவிடும் இனம் நல்ல தண்ணீரில் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் வளரும். பாறைபோல் உருண்டிருக்கும் இனம் ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். ஒரு சாய்மனைக் கதிரை அளவு உருண்டைக் கல்லில் நீங்கள் நிற்கிறீர்கள் என்றால் உங்கள் பாட்டியைவிட வயதான ஒன்றின் மேல் நிற்கிறீர்கள்.

1998இல் கடல் சூடேறி, தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. புறாமலை 1963இலேயே சரணாலயம், 2003இலிருந்து தேசியப் பூங்கா. சூட்டுக்கு அன்று தப்பியது மாஸ்க் துடைப்பவர்களின் குதிகாலுக்கு நொறுங்குகிறது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

இத்தனைக்கும் மாற்று மிகச் சுலபம். போய்ச் சேர்ந்த அன்றே, தீவுக்குப் போகுமுன், நிலாவெளிக் கரையில் கடல் ஆறியிருக்கும் நேரம் பார்த்து, இடுப்பளவு மணல் தண்ணீரில் அரை மணி நேரம் பழகுங்கள். அங்கே எத்தனை தடவை நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை.

மாஸ்க்கை வாடகைக்கு எடுக்கும்போதே பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. விழுந்தால் அடுத்ததை எடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பட்டியை இறுக்கினால் ஒழுக்கு நிற்கும் என்பது பொய். இறுக்க இறுக்க விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். முடியை முழுக்கப் பின்னுக்கு வாரிக் கட்டுங்கள். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கொஞ்சம் வாசலின்.

பிறகு வேண்டுமென்றே மாஸ்க்குக்குள் தண்ணீர் விடுங்கள். மேல் விளிம்பை விரலால் நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் நீளமாக மூச்சை விட்டால் தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். வாயில் கவ்வி மூச்சுவிடும் ஸ்நோர்க்கல் குழாய்க்குள் தண்ணீர் போனால் அடுப்பூதுவதுபோல் ஒரே ஊதாக ஊதுங்கள், அடுத்த மூச்சை மட்டும் மெல்ல இழுங்கள். இரண்டும் பத்துத் தடவை. எதுவும் சரிவராவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டு மாஸ்க்கைக் கழற்றுங்கள். ஜாக்கெட் தாங்கும். கால் கீழே போகவே தேவையில்லை.

தொளதொள ஜாக்கெட்

படகில் தரும் ஜாக்கெட்டைப் போடுங்கள், நீந்தத் தெரிந்தாலும். ஆனால் பட்டிகளை இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் அது காதுவரை ஏறி உங்களை நிமிர்த்தி வைக்கும். நிமிர்ந்தால் கால் தொங்கும், தொங்கும் கால் கல்லில் உரசும். வயிற்றைப் பாயில் ஒட்டிப் படுத்ததுபோல் கிடையாகக் கிடக்க வேண்டும். காலை இடுப்பிலிருந்து மெல்ல அசைத்தால் போதும். சைக்கிள் மிதிப்பவர்கள் பத்து நிமிடத்தில் களைத்துப்போவார்கள்.

முழுமுக மாஸ்க்

வேண்டாம். தண்ணீர் புகுந்தால் குழாயைத் துப்பிவிடலாம். முகத்தை முழுதாக மூடிய ஒன்றைத் துப்ப முடியாது.

காற்றைப் பார்க்காமல் இறங்குவது

இந்தப் பருவத்தில் வீசுவது கச்சான். மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வரும் காற்று. ஆகவே நிலாவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். தீவிலும் காற்றுக்கு மறைவான பக்கம் அழகாக ஆறியிருக்கும். தனியாகப் போகிறவர்கள் ஏமாறுவது அந்தப் பக்கத்தில்தான். முகம் தண்ணீருக்குள், முதுகில் இதமான வெயில், கீழே கிளிமீன் கல்லைக் கறும்பும் சத்தம்கூடக் கேட்கும். பதினைந்து நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கினால் தீவு தள்ளி நிற்கும். நீங்கள் நீந்தியிருக்க மாட்டீர்கள், காற்று தள்ளியிருக்கும். அடுத்த கரை வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம்.

இறங்கும்போதே கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் ஒரு மரத்தையும் நேர்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், கோடு கலைந்திருந்தால் இழுபடுகிறீர்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்தபின் அதுவே கொண்டுவந்து விடும்.

இரண்டாம் பயணத்தில் எனக்கு இது தெரியாது. தெரியாமலேயே தப்பினேன். காரணம் படகுக்காரரின் ஒரு கேள்வி. "தனியவா வந்த நீங்க? எத்தனை மணிக்கு ஏறுவீங்க?" பதினொன்று என்றேன், அவரை வெட்டிவிடுவதற்காக. பதினொன்றுக்கு அவர் தேடிக்கொண்டு வந்து, எங்கோ மிதந்த என்னைக் கூப்பிட்டு ஏற்றினார். தனியாக வந்தேன் என்று அறியாத ஆளிடம் சொல்லப் பெண்களுக்குத் தயக்கம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. படகுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுக் கூலியையும் திரும்பி வந்த பிறகே கொடுக்கிறேன்.

கல் பொறுக்குவது

கரையெங்கும் கிடக்கும் செத்த முருகைக்கல் துண்டும்கூடப் பூங்காவின் சொத்து. எடுத்தால் குற்றம்.

சுறாவைத் துரத்துவது

செட்டை நுனி கறுத்த சுறாக்கள் அங்கே இருக்கின்றன. பொதுவாக ஆளை ஒன்றும் செய்வதில்லை, ஆளைக் கண்டால் விலகிப்போகும். இதைக் கேட்டதும் எல்லாரும் கமராவை நீட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் உதைத்துக்கொண்டு போகிறார்கள். சுறாவை நீந்தி முந்திய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பொடியனும் போன ஆவணியில் அதற்குத்தான் வந்திருந்தான். திரும்பும் படகில் குதிகாலைத் தடவிக்கொண்டே, ஒன்றும் அகப்படவில்லை என்று முறைப்பட்டான். என் போத்தலில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரை அவனிடம் நீட்டினேன். குடிக்கப் போனான்.

"குடிக்க இல்லை, காலுக்கு. நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க."