எந்த நிரல்மொழி? "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள்

பைத்தானா ஜாவாஸ்கிரிப்டா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெரும்பாலும் அவரவருக்குக் கை பழகிய மொழி எதுவோ அதுதான் பதில். புதிதாகக் கற்க வருபவர்கள் இந்தச் சண்டையில் நுழையாமல், ஒரு சின்ன வேலையை நாலு மொழியில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. வேலை இதுதான்: "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று நமக்குத் தெரியும். மொழிகள் என்ன சொல்கின்றன?

படி 1: ஜாவாஸ்கிரிப்ட்

எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். குரோமில் எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் பகுதிக்குப் போங்கள். மேற்கோள்குறிக்குள் சொல்லை எழுதி, ஒரு புள்ளி வைத்து, ஆங்கிலத்தில் லெங்த் என்று தட்டி என்டர் கொடுங்கள். 5 என்று வரும்.

படி 2: பைத்தான்

பைத்தானை நிறுவினால் கூடவே ஐடில் என்ற எடிட்டரும் வரும். அதில் லென் என்ற ஃபங்ஷனுக்குள் சொல்லைக் கொடுங்கள். இங்கேயும் 5தான்.

ஏன் ஐந்து? உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'மி' ஒரே குறியாக இல்லை. ம தனி, இகரக் குறி தனி. 'ழ்' என்பதும் ழ தனி, புள்ளி தனி. த-வையும் சேர்த்தால் ஐந்து. எண்ணிக்கை பிசகினால் என்ன நஷ்டம் என்று தோன்றினால், சொல்லைத் திருப்பிப் பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே இரண்டு முக்காற்புள்ளி, கழித்தல் குறி, ஒன்று. 'ழ்மித' வர வேண்டிய இடத்தில், முன்னால் ஒரு புள்ளி அனாதையாகத் தொங்க, 'ழிமத' என்று வந்து நிற்கும். ம-வின் இகரக் குறி ழ-வுக்குப் போய்விட்டது! சொல் விளையாட்டுச் செயலி எழுத நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

படி 3: கோ

கோ பிளேகிரவுண்டைப் பிரவுசரில் திறந்தால் ஒரு மாதிரி நிரல் ஏற்கெனவே இருக்கும். ஹலோ என்று தொடங்கும் வாசகத்தை மேற்கோள்குறியோடு அழித்துவிட்டு, அங்கே லென் போட்டு நம் சொல்லைக் கொடுங்கள். 15!

கோ எண்ணுவது பைட்டுகளை, அதாவது கணினி நினைவகத்தின் சிறு அலகுகளை. யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஐந்து மூன்று பதினைந்து. அந்த முறையை 1992இல் வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும்தான் பிற்பாடு கோ மொழியை உருவாக்கியவர்களிலும் இருந்தார்கள். அதனால் இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். சர்வர் வேலைக்கு பைட் கணக்குதான் உதவும்.

படி 4: ஸ்விஃப்ட்

ஆப்பிள் 2014இல் வெளியிட்ட மொழி. சொல்லுக்குப் பின் புள்ளி வைத்து கவுண்ட் என்று கேட்டால் 3 வரும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எழுத்தாக எண்ணுகிறது. உடனே கட்சி மாறிவிடாதீர்கள். 'லக்ஷ்மி' கொடுத்துப் பாருங்கள்: க்ஷ்-ஐ இரண்டாகப் பிரித்து 4 என்கும்.

படி 5: தேர்வு

மேக் கைவசம் இருந்து ஐபோன் செயலிதான் குறி என்றால் ஸ்விஃப்ட். வலைப்பக்கம் என்றால் வேறு வழியே இல்லை, ஜாவாஸ்கிரிப்ட். அதில் இன்டல் செக்மென்டர் என்ற வசதி எழுத்துகளைச் சரியாகப் பிரித்து 3 என்று தரும். மற்றபடி, தொடங்குபவர்களுக்கு நான் பைத்தானையே சொல்வேன். பைத்தானுக்கான நூலகங்களை நிறுவித் தரும் பிப் என்ற கருவி மூலம் ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தை இறக்கினால், தமிழ் எழுத்துகளைப் பிரிக்கும் ஃபங்ஷன் தயாராகவே கிடைக்கும். நாமே எழுதி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒரு கூடுதல் சோதனை. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறியை ஒன்றாக வைத்து, அல்லது கொம்பும் காலுமாகத் தனித்தனியே. திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமமா என்று பைத்தானிடம் கேட்டால் இல்லை என்கும், ஸ்விஃப்ட் ஆம் என்கும். தேடல் பெட்டி வைக்கும் எந்தச் செயலியிலும், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா என்ற மாட்யூலில் அதற்கான நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது.