மிதோமாவின் இணையப் புகழை நாமே அளந்து பார்ப்பது எப்படி?

ரோஸ் ஹில்லில் தால்பூரி வாங்க நின்ற வரிசையில் ஒரு தம்பி, இங்கிலாந்தின் பிரைட்டன் அணிக்கு ஆடும் ஜப்பானியக் கால்பந்து வீரர் கவோரு மிதோமாவுக்கு இங்கிலாந்தில்தான் ரசிகர்கள் அதிகம், ஜப்பானில் அவ்வளவு இல்லை என்று அடித்துச் சொன்னார். சமூக வலைத்தளத்தில் அவரைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்த எண்ணிக்கையில் ஒரு தடவை தட்டிவிட்டு மறந்தவர்களும் இருப்பார்கள், காசுக்கு வாங்கிய போலிக் கணக்குகளும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு, மக்கள் அவரை எப்போது தேடுகிறார்கள் என்று பாருங்கள்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தில் தேடினால் ஜப்பான்காரர்கள் எழுதுவதில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது, அவர்கள் குடும்பப் பெயரை முதலில் வைத்துத் தங்கள் எழுத்தில்தான் எழுதுவார்கள். விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தைத் தட்டி, அங்கே இருக்கும் தலைப்பை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா இடத்திலும் அதுதான் உங்கள் தேடுசொல்.

அதை யாஹூ ஜப்பானின் நிகழ்நேரத் தேடலில் ஒட்டினால் எக்ஸ் தளத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பது வரைபடமாகவே வரும். மொரீசியஸில் இருக்கும் நமக்கு ஒரு வசதி: 2022 ஏப்ரல் முதல் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் யாஹூ ஜப்பான் திறப்பதில்லை, அதனால் லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. கூகுள் டிரெண்ட்ஸில் நாட்டை ஜப்பான் என்று மாற்றிப் பாருங்கள். அங்கே வரும் 100 என்பது நூறு தேடல் இல்லை, நீங்கள் எடுத்த காலத்தின் உச்சம் என்றுதான் அர்த்தம். இதைத் தவறாகப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்கள் நிறைய.

எனக்குப் பிடித்தது விக்கிப்பீடியாவின் லாங்வியூஸ் கருவி. ஒரே கட்டுரையை எந்த மொழியில் எத்தனை தடவை திறந்தார்கள் என்று அது காட்டிவிடும், 2015 ஜூலை முதல் கணக்கு இருக்கிறது.

அப்புறம் தேதி, இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினை ஜப்பான் 2-1 என்று வென்ற ஆட்டம் நினைவிருக்கிறதா? பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று நாம் எல்லோரும் நினைத்த நேரத்தில் மிதோமா அதை உள்ளே தட்ட, ஆவோ தனாக்கா கோல் போட்டார். பந்தின் வளைவில் ஒரு துளி கோட்டுக்கு மேல் இருந்ததால் கோல் செல்லும் என்று விஏஆர் என்ற காணொளி நடுவர் முறை சொன்னது. 'மிதோமாவின் 1 மில்லிமீட்டர்' என்று ஜப்பானே பேசியது, அதுவும் நல்ல தேடுசொல். நமக்கு அது டிசம்பர் 1, இரவு 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டம், டோக்கியோவில் டிசம்பர் 2 விடியற்காலை 4 மணி. ஒரே நாளை மட்டும் பார்த்தால் பாதிக் கூட்டம் விட்டுப்போகும், இரண்டு நாளையும் சேர்த்தே எடுங்கள்.

இதே மாதிரி 2025 பிப்ரவரியில் செல்சி அணிக்கு எதிராக, கோல்கீப்பர் அடித்த நீளப் பந்தைக் காலால் அணைத்து அவர் போட்ட கோலையும் பாருங்கள். டோக்கியோவில் விடிவதற்கு முன்பே தொடங்கிய ஆட்டம் அது. அந்த நேரத்தில் ஜப்பானிய எழுத்தில் தேடல் எவ்வளவு எகிறியது என்று எடுத்து, வரிசையில் நின்ற அந்தத் தம்பிக்குக் காட்டப்போகிறேன்.